வானில் பறப்பவனும் மண்ணில் நடப்பவனும்

மனிதனுக்குச் சிறகில்லை, அவன் கற்பனைக்கு உண்டு. மலையைப் பெயர்ப்பவனையும், கடலைத் தாண்டுபவனையும், காற்றினும் விரைந்து செல்பவனையும் கதையிலே படைத்துக் கண்டு களிக்காத மக்களினம் உலகில் இல்லை. முன்னாளில் பாட்டிமார் மடியிலே பிறந்த அத்தகைய வீரர்கள், இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்காவிலே பத்து சென்ட் விலையுள்ள வண்ணப் படக்கதைப் புத்தகங்களில் பிறந்தார்கள். அங்கிருந்து வெள்ளித்திரைக்குத் தாவினார்கள். சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன் என்ற பெயர்களைக் கேட்டறியாத இளைஞர் இன்று எந்த ஊரிலும் அரியர். 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ என்ற ஒரே படம் உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டாலர் வசூலித்தது என்றால், இந்த வீரர்களின் செல்வாக்கை விளக்க வேறு சான்றும் வேண்டுமோ?

இப்படங்களைப் பற்றி இருவகைப் பேச்சுகளை நாம் கேட்கிறோம். ‘இவையெல்லாம் சிறுபிள்ளைகள் விளையாட்டு, அறிவுடையோர் பொருட்படுத்தத் தக்கவை அல்ல’ என்று ஒதுக்குவோர் ஒரு சாரார். யார் யாரை வெல்வார், எந்தப் படம் எத்தனை கோடி ஈட்டியது என்ற கணக்கிலேயே மூழ்கிக் கிடப்போர் மறு சாரார். 2019ஆம் ஆண்டில் புகழ்மிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி, மார்வெல் நிறுவனத்தின் படங்களைச் சினிமாவாகத் தாம் கருதவில்லை என்றும், அவை கேளிக்கைப் பூங்காக்களையே ஒத்திருக்கின்றன என்றும் ஒரு பேட்டியிலே கூறினார். இரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த இரசிகர் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் நானும். ஆயினும் கொதிப்பதைவிட எடைபோட்டுப் பார்ப்பதே நலம் என்று எண்ணுகிறேன்.

எடை போடத் தராசு வேண்டுமல்லவா? என் தராசு மிக எளியது. வியத்தகு ஆற்றல் படைத்த நாயகனின் அருகிலே, ஆற்றல் ஏதுமற்ற எளிய மனிதனுக்கு அந்தப் படத்தில் என்ன இடம் கொடுத்திருக்கிறார்கள்? இந்த ஒரு வினாவைக் கேட்டால் போதும். பொன் எது, முலாம் எது என்பது தானே விளங்கிவிடும்.

பிறந்த வீட்டின் நிலை

இந்தத் தராசை நான் எங்கிருந்தோ கொண்டுவரவில்லை. இந்த வீரர்கள் பிறந்த வீட்டிலேயே அது தொங்குகிறது.

ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரிலே ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு நண்பர்கள் வாழ்ந்தார்கள். இருவரும் 1914ஆம் ஆண்டிலே பிறந்தவர்கள். ஐரோப்பாவிலிருந்து பிழைப்பு நாடிக் குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ஷஸ்டரின் தந்தை தையற்காரர். சீகலின் தந்தை பழைய துணிக்கடை வைத்திருந்தவர். 1932ஆம் ஆண்டில் அக்கடையிலே திருடர் புகுந்த வேளையில் மாரடைப்பால் அவர் மாண்டார். நாடெங்கும் பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய காலம் அது. வேலையில்லை, கையில் காசில்லை, காக்க ஒருவருமில்லை. அந்த இருவரில் ஒருவர் எழுத, மற்றவர் வரைய, உருவானவன்தான் சூப்பர்மேன். 1938 ஜூன் மாத இதழாக வெளிவந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அவன் தோன்றினான்.

தோன்றியவன் முதலில் செய்தது என்ன? வேற்றுக் கோளிலிருந்து வந்த அசுரனோடு போர் புரிந்தானா? இல்லை. குற்றம் செய்யாமல் மரண தண்டனை பெற்ற ஒரு பெண்ணை, தண்டனை நிறைவேறும் முன்னே ஓடிச் சென்று காப்பாற்றினான். மனைவியை அடித்துத் துன்புறுத்திய ஒருவனைத் தட்டிக் கேட்டான். விலைபோன அரசியல்வாதி ஒருவரின் செயலைத் துப்புத் துலக்கினான். மூன்றாவது இதழிலே, பாதுகாப்பில்லாத சுரங்கத்தில் தொழிலாளி ஒருவன் சிக்கியதைக் கண்டு, அச்சுரங்கத்தின் முதலாளியையே அதற்குள் சிக்க வைத்துப் பாடம் புகட்டினான். வலிமையற்ற இருவர் கண்ட கனவல்லவா அவன்? ஆகவே, வலிமையற்றவர்களுக்காகவே அவன் வந்தான்.

பின்னே வந்தவர்களும் இதே மரபினர்தாம். ஜோ சைமனும் ஜாக் கெர்பியும் படைத்த கேப்டன் அமெரிக்கா, படையில் சேரத் தகுதியில்லை என்று தள்ளப்பட்ட ஒரு மெலிந்த இளைஞன். அமெரிக்கா போரில் இறங்கு முன்பே, 1941ஆம் ஆண்டு முதல் இதழின் அட்டையிலே அவன் ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்டான். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962ஆம் ஆண்டில் படைத்த ஸ்பைடர்மேன், தாய் தந்தையற்ற ஒரு பள்ளி மாணவன். சிற்றப்பனும் சிற்றன்னையும் வளர்த்த பிள்ளை. பிடித்திருக்க வேண்டிய ஒரு திருடனை ‘எனக்கென்ன’ என்று அவன் தப்பவிட, அதே திருடன் கையால் சிற்றப்பன் மாள்கிறார். அந்தத் துயரம்தான் அவனை வீரனாக்கியது.

தமிழ் வாசகருக்கும் இச்சுவை புதிதன்று. 1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் நமக்கு அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவியை மறந்தவர் உண்டோ? பிரிட்டனிலே பிறந்த அந்தப் படக்கதை நாயகனுக்கு உடம்பில் மின்சாரம் பாய்ந்தால்தான் உருவம் மறையும். மறைந்தாலும் இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். வலிமைக்கு ஓர் எல்லை; எல்லைக்குள் ஒரு மனிதன். அந்த எல்லைதான் வாசகனை அவன் பக்கம் இழுத்தது.

பூனையை இறக்கிய பேராற்றல்

1978ஆம் ஆண்டில் ரிச்சர்ட் டானர் இயக்கத்தில், கிறிஸ்டபர் ரீவ் நடிப்பில், ‘சூப்பர்மேன்’ திரைப்படம் வந்தது. அதற்கு முன் தொடர்படங்களாகவும் கேலிச்சித்திரப் படங்களாகவும் இவ்வீரன் திரைக்கு வந்ததுண்டு. 1948ஆம் ஆண்டின் தொடர்படத்தில் அவன் பறக்கும் காட்சிகளை ஓவியமாக வரைந்துதான் ஒட்டினார்கள். மனிதன் பறப்பதை நம்பும்படி காட்டிய பெருமை டானரின் படத்துக்கே உரியது. அந்த ஆண்டு காட்சி நுணுக்கங்களுக்கான சிறப்பு ஆஸ்கார் விருதும் அதற்குக் கிடைத்தது.

ஆனால் இன்றளவும் அப்படம் நெஞ்சில் நிற்பதற்குப் பறத்தல் மட்டுமா காரணம்? பறக்கும் வீரன் ஒரு சிறுமிக்காக மரத்தில் சிக்கிய பூனைக்குட்டியை இறக்கித் தருகிறானே, அந்தச் சிறு காட்சியை எண்ணிப் பாருங்கள். விண்ணூர்தியையும் தாங்கும் கை, பூனையையும் தாங்குகிறது. உதவியில் பெரிது சிறிது பாராதவனே பெரியவன் என்பதை ஒரு சொல்லும் பேசாமல் சொல்லிவிட்டார் இயக்குநர். அதற்கு முன்பே மற்றொரு காட்சி. வளர்ப்புத் தந்தை வயல்வெளியிலே மாரடைப்பால் விழுகிறார். இடுகாட்டில் நிற்கும் மகன், இத்தனை ஆற்றல் இருந்தும் இவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று கலங்குகிறான். அந்தக் கணத்தில்தான் அவன் நமக்கு உறவினனாகிறான். உலகத்தையே தூக்கக் கூடியவனும் தந்தையின் பாடையைத் தூக்கத்தான் வேண்டும்!

இதே படத்தின் குறையையும் சொல்லிவிடுகிறேன். இறுதியில் காதலி மாண்டதும், நாயகன் உலகைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்பி அவளை உயிர்ப்பிக்கிறான். இடுகாட்டுக் காட்சியில் கட்டிய கோட்டையை இங்கே அவர்களே இடித்துவிட்டார்கள். எதுவும் முடியும் என்றால் எதற்கும் மதிப்பில்லை. பிற்காலத்தில் இத்தகைய படங்களைப் பிடித்தாட்டிய நோய்க்கு இங்கேயே வித்து ஊன்றப்பட்டது என்பேன்.

தொடர்வண்டியும் இரு படகுகளும்

என் தராசில் மிக உயர்ந்து நிற்கும் படங்களில் ஒன்று, 2004ஆம் ஆண்டில் சாம் ரெய்மி இயக்கிய ‘ஸ்பைடர்மேன் 2’. அதில் நாயகன் வாடகை கொடுக்க முடியாமல் வீட்டுக்காரருக்கு அஞ்சி ஒளிகிறான். பீட்சா கொண்டு சேர்க்கும் வேலையை இழக்கிறான். வகுப்புக்கு நேரங்கழித்து ஓடுகிறான். நம்மில் பலருக்கு இவையெல்லாம் கதையா, நாட்குறிப்பா?

அப்படத்தின் நடுநாயகமான காட்சி, கட்டுமீறி ஓடும் தொடர்வண்டி. தண்டவாளம் முடியுமிடம் நெருங்குகிறது. நாயகன் முகமூடியின்றி வண்டியின் முகப்பிலே நின்று, இருபுறக் கட்டடங்களிலும் வலைக்கயிறுகளை வீசி, உடம்பு கிழியும் வண்ணம் இழுத்து நிறுத்துகிறான். நின்றதும் மயங்கிச் சாய்கிறான். இனிமேல்தான் படத்தின் உயிர். உள்ளேயிருந்த பயணிகள் கை நீட்டி அவனைத் தாங்கி, தலைக்கு மேலே ஏந்தி, மெல்ல உள்ளே கொண்டுவந்து கிடத்துகிறார்கள். முகத்தைப் பார்க்கிறார்கள். தங்கள் பிள்ளையை ஒத்த ஓர் இளைஞன்! இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பித் தந்து, யாரிடமும் சொல்லமாட்டோம் என்கிறார்கள். வில்லன் மீண்டும் வந்ததும், ஆற்றல் ஏதுமில்லாத அந்தப் பயணிகள் ஒவ்வொருவராக எழுந்து அவன்முன் அரணாக நிற்கிறார்கள். காத்தவனைக் காக்கப்பட்டவர்கள் காக்கிறார்கள். இந்தக் காட்சிக்கு ஈடான ஒன்றை இத்தனை கோடிச் செலவில் பிறகு வந்த எந்தப் படத்திலும் நான் கண்டதில்லை.

‘பேட்மேன் பெருஞ்செல்வன் ஆயிற்றே, அவனை எளியவர் தராசில் எப்படி நிறுப்பாய்?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 2008ஆம் ஆண்டில் கிறிஸ்டபர் நோலன் இயக்கிய ‘தி டார்க் நைட்’ படத்தையே விடையாகத் தருகிறேன். ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் படம் வெளிவரும் முன்பே மறைந்தார். மறைந்தபின் அவருக்கு ஆஸ்கார் வழங்கப்பட்டது. அந்த நடிப்பை வியக்காதவரில்லை. ஆனால் படத்தின் தீர்ப்பு எங்கே எழுதப்படுகிறது? பேட்மேனின் கைமுட்டியிலா? இல்லை, இரண்டு படகுகளிலே எழுதப்படுகிறது. ஒரு படகிலே நகரத்துப் பொதுமக்கள். மற்றதிலே சிறைக் கைதிகள். இரண்டிலும் வெடிமருந்து. ஒரு படகை வெடிக்கவைக்கும் கருவி மறுபடகிலே. குறித்த நேரத்துக்குள் ஒருவர் மற்றவரை அழிக்காவிட்டால் இருவரும் அழிவர் என்கிறான் ஜோக்கர். மக்கள் வாக்கெடுக்கிறார்கள், அழிக்கலாம் என்றே வாக்கு விழுகிறது, ஆனால் அழிக்கக் கை எழவில்லை. கைதிகள் படகிலோ, மலைபோன்ற உருவமுடைய ஒரு கைதி கருவியை வாங்கிச் சன்னல் வழியே நீரில் எறிகிறான். மனிதர் அனைவரும் உள்ளுக்குள் விலங்குகளே என்ற ஜோக்கரின் வாதத்தை முறியடித்தவர்கள் பெயர் தெரியாத அந்தப் பயணிகளும் கைதியுமே. பேட்மேன் செய்ததெல்லாம் அவர்களை நம்பியதுதான்.

இடிந்த கட்டடத்துக்குள் யார்?

இனி மறுபக்கம் பார்ப்போம். 2013ஆம் ஆண்டில் சேக் ஸ்னைடர் இயக்கிய ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தின் இறுதிப் போரிலே வானளாவிய கட்டடங்கள் சீட்டுக்கட்டுப்போலச் சரிகின்றன. சூப்பர்மேனும் எதிரியும் சுவர்களைத் துளைத்துத் துளைத்து மோதுகிறார்கள். கண் கூசுகிறது; காது செவிடாகிறது. அக்கட்டடங்களுக்குள் மனிதர் இருந்திருப்பார்களே! முடிவில் ஒரு குடும்பத்தைக் காக்கும்பொருட்டு எதிரியின் கழுத்தை முறித்துவிட்டுச் சூப்பர்மேன் கதறுகிறான் என்பது உண்மை. அந்தக் கதறல் நன்று. ஆனால் அதற்கு முன் சரிந்த கட்டடங்களுக்காக யார் கதறினார்கள்? மரத்திலிருந்து பூனையை இறக்கியவனின் பெயரை வைத்துக்கொண்டு, மாநகரையே மண்மேடாக்கி மகிழ்வது முறையா?

நேர்மையாகச் சொன்னால், படம் எடுத்தவர்களுக்கே இது உறுத்தியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ படம், அதே அழிவைத் தரையிலிருந்து காட்டித்தான் தொடங்குகிறது. புழுதி மண்டலத்துக்குள் ஓடும் புரூஸ் வேய்னின் கண்வழியே நாம் மேலே பார்க்கிறோம். அதே ஆண்டு வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்திலே ஒரு தாய், அயர்ன்மேனாகிய டோனி ஸ்டார்க்கை வழிமறித்து, வீரர்கள் நிகழ்த்திய போரிலே மாண்ட தன் மகனின் படத்தைக் கையிலே திணிக்கிறாள். எத்தனை கூர்மையான தொடக்கம்! ஆனால் இரண்டு படங்களும் சிறிது நேரத்தில் அந்தத் தாயையும் அந்தப் புழுதியையும் மறந்து, நாயகனோடு நாயகன் மோதும் வேடிக்கையிலே இறங்கிவிடுகின்றன. கேள்வியைக் கேட்டுவிட்டு விடை சொல்லாமல் எழுந்து போகும் மாணவனைப் போல!

முடியாத தொடர்கதை

2008ஆம் ஆண்டில் ‘அயர்ன்மேன்’ வந்தபோது, பெயர்ப் பட்டியல் முடிந்த பின்னே ஒரு சிறு காட்சியை ஒட்டிவைத்தார்கள். அடுத்து வரவிருப்பதற்கு ஒரு குறிப்பு. அன்று அது இனிய விருந்தாக இருந்தது. விருந்து வழக்கமாயிற்று, வழக்கம் வணிகமாயிற்று. ‘எண்ட்கேம்’ அத்தொடரின் 22ஆவது படம். அதன் நாயகர்களில் ஒருவன் தன்னுயிர் ஈந்து கதையை முடித்தபோது அரங்கில் அழுதவர் பலர். அந்த மரணம் மாற்றப்படவில்லை என்பதே அப்படத்தின் பெருமை.

அதன்பின் வந்தவற்றில் பலவோ, கதையை முடிக்க மனமில்லாத கதைகள். 2023ஆம் ஆண்டில் வந்த ‘தி மார்வெல்ஸ்’ படத்தில் கதாபாத்திரங்கள் யார் யாரென்று விளங்கவே முந்தைய படத்தோடு தொலைக்காட்சித் தொடர்களையும் பார்த்திருக்க வேண்டியிருந்தது. சுமார் 20 கோடி டாலர் வசூலோடு, அத்தொடரிலேயே மிகக் குறைவாக ஈட்டிய படமாக அது நின்றது. ஒரு படத்தைச் சுவைக்கப் பத்துப் படங்களைப் பாடமாகப் படித்துவர வேண்டும் என்றால், இரசிகன் இரசிகனா, தேர்வெழுதும் மாணவனா? ‘சுபம்’ என்று போடத் தெரியாதவனுக்குக் கதை சொல்லத் தெரியாது என்பது என் துணிபு.

இந்நோய்க்கு மருந்தாக 2017ஆம் ஆண்டில் வந்த ‘லோகன்’ படத்தைக் காட்டுவேன். ஜேம்ஸ் மேன்கோல்ட் இயக்கியது. காயம் பட்ட கணமே ஆறிவிடும் வரம் பெற்ற வீரன், முதுமையிலே அவ்வரம் வற்றி, இருமிக் கொண்டும் நொண்டிக் கொண்டும் நடக்கிறான். நினைவு தடுமாறும் தன் ஆசானை மருந்து கொடுத்துப் பேணுகிறான். வழியிலே ஓர் உழவர் குடும்பம் அவர்களுக்கு உணவளித்து, இரவு தங்க இடமும் தருகிறது. அந்த நன்றிக்குரிய குடும்பம், வீரனைத் துரத்தி வந்தவர்களால் அழிக்கப்படுகிறது. நாயகனுக்கு அடைக்கலம் கொடுத்த எளியவன் என்ன விலை கொடுக்கிறான் என்பதை இத்துணை வலியோடு காட்டிய படம் வேறில்லை. அதனால்தான் தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கார் பரிந்துரையை இவ்வகைப் படங்களில் முதன்முதலாக அது பெற்றது என்று எண்ணி மகிழ்கிறேன்.

வளமுள்ள வீட்டின் மூடிய கதவு

தனிமனிதனின் வலிமையைப் போலவே ஒரு நாட்டின் வலிமைக்கும் இதே வினா பொருந்தும் என்று காட்டியது, 2018ஆம் ஆண்டில் ரையன் கூக்ளர் இயக்கிய ‘பிளாக் பேந்தர்’. ஆப்பிரிக்காவில் வாக்காண்டா என்றொரு கற்பனை நாடு. அறிவியலிலும் செல்வத்திலும் உலகில் யாரும் எட்டாத உயரத்தில் அது இருக்கிறது. ஆனால் ஏழை நாடு போல வேடமிட்டுக் கதவை மூடிக்கொண்டு வாழ்கிறது. அந்நாட்டு இரத்தமும் அமெரிக்கத் தெருவின் வறுமையும் கலந்து வளர்ந்த கில்மாங்கர் வந்து கேட்கிறான்: உலகெங்கும் நம் இனத்தவர் அடிபட்டுக் கிடக்கையில், இவ்வளவு வைத்திருந்தும் நீங்கள் என்ன செய்தீர்கள்? அவன் நாடும் வழி வன்முறை, ஆகவே தோற்கிறான். ஆனால் அவன் கேள்வி வெல்கிறது. வென்ற மன்னன் த சாலா, அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்து ஏழைச் சிறுவர்கள் பந்தாடும் இடத்துக்கே வந்து, உதவி நிலையம் அமைப்பதாகச் சொல்கிறான். வில்லனிடமிருந்து பாடம் கற்கும் நாயகனை நாம் எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம்? சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரையைப் பெற்ற முதல் சூப்பர்ஹீரோ படம் என்ற சிறப்பு அதற்கு வாய்த்தது பொருத்தமே. அம்மன்னனாக நடித்த சாட்விக் போஸ்மேன் 2020ஆம் ஆண்டில் 43 வயதிலேயே மறைந்தது பேரிழப்பு.

2025ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கன் இயக்கிய ‘சூப்பர்மேன்’, பிறந்த வீட்டுக்கு வழி தேடியிருக்கிறது. நகரில் பெரும் விலங்கொன்று வெறியாட்டம் ஆடுகையில், நாயகன் நடுவிலே ஓர் அணிலைத் தூக்கி அப்பால் விடுகிறான். சிலர் சிரித்தார்கள். அணிலின் அருமையை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வீழ்ந்து கிடந்த நாயகனுக்குக் கைகொடுத்த தெருவோர உணவுக்கடைக்காரர், அந்த ஒரு குற்றத்துக்காகவே வில்லனால் கொல்லப்படுகிறார். படத்தில் ஆரவாரம் அதிகம், உண்மைதான். ஆனால் அணிலும் கடைக்காரரும் அதிலே இருக்கிறார்கள். 1978ஆம் ஆண்டின் பூனைக்கு அவர்கள் உறவினர்.

படைத்தவர்க்கு நீதி

இதுவரை படத்துக்குள்ளே பார்த்தோம். படத்துக்கு வெளியே இத்தராசைத் தூக்கினால் என்ன தெரிகிறது? இதுதான் எனக்குப் பெரிதும் நெருடலான செய்தி.

சூப்பர்மேன் என்ற பாத்திரத்தின் உரிமை முழுவதையும் சீகலும் ஷஸ்டரும் 1938ஆம் ஆண்டில் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த இளைஞர்களுக்கு அன்று அதுவே பெருந்தொகை. பாத்திரம் கோடிகளைக் குவித்தது. உரிமை கேட்டு 1947ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்ததும் வேலையும் போயிற்று. கதையிலிருந்து பெயரும் போயிற்று. ஷஸ்டருக்குக் கண்பார்வை மங்கியது. சீகல் எழுத்தர் வேலை பார்த்து வயிறு வளர்த்தார். பெரும் பொருட்செலவில் திரைப்படம் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் 1975ஆம் ஆண்டில் சீகல் தம் குறையைப் பொதுமக்கள் முன் வைத்தார். ஓவியர்கள் நீல் ஆடம்சும் ஜெரி ராபின்சனும் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். பத்திரிகைகள் எழுதின. அதன்பிறகே வார்னர் நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை தரவும், படைத்தவர் என்று பெயர் போடவும் இசைந்தது. அதே படத்தில் சிறிது நேரமே தோன்றிய மார்லன் பிராண்டோ பெற்ற ஊதியம் 37 இலட்சம் டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: படைத்தவர் ஒருவருக்குரிய 185 ஆண்டுத் தொகை! நடிகரைக் குறை சொல்லவில்லை. விதையிட்டவனுக்குப் பிடியரிசி, வேடிக்கை காட்டியவனுக்குக் களஞ்சியம் என்ற முறையைத்தான் குறை சொல்கிறேன்.

பேட்மேன் கதையோ இன்னும் துயரமானது. 1939ஆம் ஆண்டில் அப்பாத்திரம் தோன்றியதில் ஓவியர் பாப் கேனுக்கு இணையாக உழைத்தவர் எழுத்தாளர் பில் ஃபிங்கர். ஆனால் படைத்தவர் என்று கேனின் பெயர் மட்டுமே போடப்பட்டு வந்தது. ஃபிங்கர் 1974ஆம் ஆண்டில் பெயரின்றியே மறைந்தார். அவருக்குரிய பெயரைச் சேர்க்க 2015ஆம் ஆண்டில்தான் நிறுவனம் இசைந்தது. மார்வெலின் பற்பல வீரர்களுக்கு உருக்கொடுத்த ஜாக் கெர்பி 1994ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் குடும்பத்தாரோடு நிறுவனம் உடன்பாடு கண்டது 2014ஆம் ஆண்டில்.

பழைய கதை என்று தள்ளிவிடலாமா? 2023ஆம் ஆண்டில் மார்வெல் படங்களின் காட்சி நுணுக்கக் கலைஞர்கள் தொழிற்சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தார்கள். இரவு பகலாக உழைத்தும் உரிய பாதுகாப்பில்லை என்பது அவர்கள் குறை. திரையிலே நாயகன் பறக்கிறான்; பறக்கவைப்பவர்களோ கணிப்பொறியின் முன்னே கண்விழித்துக் கிடக்கிறார்கள். நீதிக்காகப் போராடும் வீரனின் கதையை விற்றுப் பிழைப்போர், அந்த வீரனைப் படைத்தோருக்கு நீதி செய்ய ஏன் இத்தனை ஆண்டுகள் தயங்க வேண்டும்? முதல் இதழின் சூப்பர்மேன் இன்று உயிரோடு வந்தால், முதலில் எந்த வாயிற்கதவைத் தட்டுவான் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இரசிகனின் கடமை

‘பொழுது போகத்தானே படம் பார்க்கிறோம், அதற்கு இத்தனை ஆராய்ச்சியா?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். பொழுது போக்குவதில் தவறில்லை. நானும் சீழ்க்கை அடித்துப் பார்ப்பவன்தான். ஆனால் உணவு சுவையாக இருக்கிறது என்பதற்காக, சமைத்தவர் உண்டாரா என்று கேட்காமல் இருக்கலாமா? நாம் கொடுக்கும் அனுமதிச்சீட்டுக் காசில்தான் இந்தக் கோபுரமே நிற்கிறது. பூனையை இறக்கும் நாயகனுக்கு நாம் கைதட்டினால் அத்தகைய படங்கள் வரும். கட்டடம் இடிவதற்கு மட்டுமே கைதட்டினால் இடிக்கும் படங்களே வரும். 1975ஆம் ஆண்டில் இரு முதியவர்களுக்குக் கிடைத்த சிறு நீதி, சிலர் வாய் திறந்து கேட்டதால் கிடைத்தது என்பதை மறக்கலாகாது.

ஸ்கார்செசி சொன்னதற்கு என் விடை இதுதான். அவர் சுட்டிய குறை பல படங்களுக்குப் பொருந்தும். தொடர்வண்டியிலே தலைக்கு மேல் ஏந்தப்பட்ட அந்த இளைஞனுக்கும், நீரில் எறியப்பட்ட அந்தக் கருவிக்கும், உணவளித்து மாண்ட அந்த உழவர் குடும்பத்துக்கும் பொருந்தாது. மண்ணில் நடப்பவனை மறவாத வரையில் வானில் பறப்பவனின் கதை கலையே. மறந்த அன்று அது வெறும் வாணவேடிக்கை.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் முடிந்ததும் அடுத்த படத்தின் குறிப்புக் காட்சிக்காக நாம் இருக்கையிலேயே காத்திருக்கிறோம். அந்தச் சில நிமிடங்களில் திரையிலே ஆயிரக்கணக்கான பெயர்கள் மேலேறிப் போகின்றன. தச்சர், தையற்காரர், ஓவியர், ஒலிப்பதிவாளர், கணிப்பொறிக் கலைஞர் என்று எத்தனையோ பேர். அவர்களுக்கிடையே, அப்பாத்திரத்தை முதன்முதலில் எழுதியவர், வரைந்தவர் பெயர்களும் இருக்கும். பேசிக் கழிக்கும் அந்த நிமிடங்களில் அப்பெயர்களைக் கொஞ்சம் படிப்போம். ஒரு பெயர் அங்கே ஏறுவதற்கு 77 ஆண்டுகள் ஆயிற்று என்பதை நினைவில் வைத்துப் படிப்போம்.